ஆடுகளம் – வாசகர் கேள்வி பதில்: தலையால் முட்டிய ஒரு கோலும் கிழிந்துபோன முட்டியும்

சென்ற இதழில் ஜெர்மனியின் பின்கள ஆட்டக்காரர் நியா கியூன்ட்சரைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வெளியிட்டிருந்தோம். 2003 மகளிர் கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தலையால் முட்டி வெற்றி கோலைப் போட்டவர், முட்டி லிகமெண்ட் (எலும்புகளைக் கட்டி வைக்கும் நார்) நான்கு முறை கிழிந்தவர் என்ற இரண்டு செய்திகள்தான் அதில் இருந்தன. வந்த கடிதங்களில் பாதி அந்தத் தலைமுட்டலைப் பற்றி, மீதி அந்த முட்டியைப் பற்றி. தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு இங்கே பதில்.

பின்களத்தில் நிற்க வேண்டியவர் எதிரணியின் கோல் வாசலில் என்ன செய்துகொண்டிருந்தார்? அந்தக் கோல் விழுந்த விதத்தை விவரமாகச் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

சீனாவில் நடக்க இருந்த போட்டி அது. சார்ஸ் நோய் பரவியதால் அமெரிக்காவுக்கு மாற்றினார்கள். 2003 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவின் கார்சன் நகரம், எதிரணி ஸ்வீடன். 41-வது நிமிடத்தில் ஹன்னா யுங்பெரி ஸ்வீடனுக்கு முதல் கோல் போட்டார். இடைவேளை முடிந்து வந்த ஒரே நிமிடத்தில் மாரன் மைனர்ட் அதைச் சமன் செய்தார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கோல் இல்லை. 88-வது நிமிடத்தில், பியா வுண்டர்லிஷை வெளியே எடுத்துவிட்டு கியூன்ட்சரை இறக்கினார் பயிற்சியாளர் டீனா தொய்னே-மையர். கூடுதல் நேரத்தில் எட்டாவது நிமிடம், அதாவது ஆட்டத்தின் 98-வது நிமிடம், ஜெர்மனிக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. ரெனாட்டே லிங்கோர் பந்தைத் தூக்கிப் போட, கியூன்ட்சர் எல்லாருக்கும் மேலே எழும்பி முட்டினார். பந்து கீப்பரைத் தாண்டி வலைக்குள் இறங்கியது. அந்த நொடியிலேயே ஆட்டம் முடிந்தது.

ஏன் முடிந்தது? அன்று ‘கோல்டன் கோல்’ விதி இருந்தது. கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடுகிற அணிக்கே வெற்றி, மீதி நிமிடங்களை ஆட வேண்டியதில்லை. ஆண், பெண் இரண்டு உலகக் கோப்பைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் இந்த விதியால் முடிவான இறுதி ஆட்டம் இது ஒன்றுதான். 2004-ல் விதியையே எடுத்துவிட்டார்கள். ஸ்வீடன்காரர்களின் வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2001 ஐரோப்பியக் கோப்பை இறுதியிலும் அவர்கள் இதே ஜெர்மனியிடம், இதே கோல்டன் கோலில், இதே 98-வது நிமிடத்தில்தான் தோற்றிருந்தார்கள். அப்போது கோல் போட்டவர் கிளவுடியா முல்லர்.

இனி உங்கள் கேள்வியின் முதல் பாதி. ஃப்ரீ கிக், கார்னர் இரண்டுக்கும் பந்து உயரத்தில்தான் வரும். அணியில் உயரமானவர்களும் தலையால் முட்டப் பழகியவர்களும் பெரும்பாலும் ஸ்டாப்பர்கள்தான் (பின்களத்தின் நடுவில் ஆடுகிறவர்கள்), ஏனென்றால் ஆட்டம் முழுக்க எதிரணியின் உயரப் பந்தைத் திருப்பி அனுப்புவதுதான் அவர்கள் வேலை. அதனால் அவர்கள் முன்னே போவார்கள், வேகமாக ஓடக்கூடிய இரண்டு பேர் நடுக்கோட்டருகே காவலுக்கு நிற்பார்கள். ஊர்ப் போட்டிகளில் இந்தக் காவலைத்தான் மறந்துவிடுகிறோம். ஸ்டாப்பர் ஆசையாக முன்னே போவார், அவர் இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். எதிரணி பந்தை வெளியே தட்டியதும் நேரே நம் கோலுக்கு ஓடிவருவார்கள்.

போகிறவர் செய்யும் பிழை ஒன்று உண்டு: கோல் வாசலில் போய் நின்றபடியே பந்துக்குக் காத்திருப்பது. நின்ற இடத்திலிருந்து குதித்தால் உயரம் வராது. பெனால்டி பெட்டியின் விளிம்பில், தன்னைக் கவனிக்கும் ஆளின் முதுகுப் பக்கமாக நின்று, பந்து உதைக்கப்பட்ட பிறகு மூன்று நான்கு எட்டு ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்ப வேண்டும்.

நாட்டுக்காக 34 ஆட்டம், 2 கோல். எங்கள் தெருப் பையன்கள் ஒரு சாயங்காலத்தில் இதைவிட அதிகம் அடிப்பார்கள். இந்த அம்மாவுக்கு இத்தனை பெருமை எதற்கு?
– வாசகர், சிம்மக்கல்

உங்கள் தெருப் பையன்கள் நீடூழி வாழ்க! கோல் கணக்கை வைத்து ஸ்டாப்பரை எடைபோடுவது, கட்டிய சுவரைப் பார்த்து எத்தனை கதவு இருக்கிறது என்று எண்ணுவது மாதிரி.

ஆனால் 34 என்ற எண்ணில் நீங்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. கியூன்ட்சர் தேசிய அணியில் இருந்தது 1997 முதல் 2003 வரை. அதே காலத்தில் ஜெர்மனியின் பின்களத்தில் ஆடிய கெர்ஸ்டின் ஸ்டேகமன் 191 ஆட்டங்களும் ஆரியானே ஹிங்ஸ்ட் 174 ஆட்டங்களும் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார்கள். முட்டியின் முன்பக்கக் குறுக்கு லிகமெண்ட், டாக்டர்கள் ஏ.சி.எல். என்பது, கியூன்ட்சருக்கு நான்கு முறை கிழிந்தது. ஒரு கிழிசலுக்கு ஒன்பது மாதம் என்று வைத்தாலும் மூன்று வருட ஆட்டம் போயிற்று. ஒருமுறை கிழிந்ததுமே காலணியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

கிளப் ஆட்டத்தைப் பார்த்தால் படம் முழுசாகும். 2008-ல் ஓய்வு பெறும் வரை அவர் இருந்தது 1. எஃப்.எஃப்.சி. ஃபிராங்க்ஃபர்ட் அணியில். 1999-லிருந்து 2008-க்குள் அந்த அணி ஜெர்மன் லீக்கை 7 முறையும் ஜெர்மன் கோப்பையை 7 முறையும் வென்றது. ஐரோப்பிய அளவிலான யூஇஎஃப்ஏ மகளிர் கோப்பை 2002, 2006, 2008 என்று மூன்று முறை வந்தது. ஸ்டாப்பராகவும், பின்களத்துக்கு முன்னால் நின்று பந்தை மறிக்கும் நடுக்கள ஆளாகவும் ஆடியவர் கியூன்ட்சர். 2003-ல் தலையால் முட்டிய அந்தக் கோலை ஜெர்மன் தொலைக்காட்சி நேயர்கள் ஆண்டின் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்கள் போட்ட கோல்களையும் சேர்த்து நடந்த வாக்கெடுப்பு அது.

என் மகளுக்கு 17 வயது. கல்லூரி மைதானத்தில் ஓடித் திரும்பும்போது முட்டி மடங்கி விழுந்தாள், யாரும் மோதவில்லை. ஜவ்வு கிழிந்துவிட்டது என்று ஆபரேஷன் செய்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது வலியே இல்லை, ஓடுகிறாள். அடுத்த மாதம் மேட்ச் இருக்கிறது, வந்துவிடச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
– ஒரு தாய், உசிலம்பட்டி அருகே

அனுப்பாதீர்கள் அம்மா. காரணத்தை விளக்கமாகவே சொல்கிறோம், கூப்பிடுகிறவர்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து எது கிழிந்தது என்று பாருங்கள். நம் பக்கம் ‘ஜவ்வு’ என்ற ஒரே சொல்லை இரண்டு உறுப்புக்கும் சொல்கிறோம். ஒன்று மெனிஸ்கஸ், தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருப்பது. மற்றது ஏ.சி.எல்., அந்த இரண்டு எலும்பையும் கட்டி வைத்திருக்கும் கயிறு. கீழ் எலும்பு முன்னால் சறுக்காமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது இதுதான். யாரும் மோதாமல், ஓடித் திரும்பும்போது கிழிந்தது என்கிறீர்கள். அது ஏ.சி.எல்.லுக்கே உரிய அடையாளம். பாதம் தரையில் ஊன்றியிருக்க, முட்டி உள்பக்கமாகச் சாய, உடம்பு மட்டும் திரும்பினால் அந்தக் கயிறு அறும்.

ஏ.சி.எல்.லில் அறுந்ததை அப்படியே தைப்பது பெரும்பாலும் நடப்பதில்லை. பிள்ளையின் தொடைப் பின்பக்கத் தசைநாணையோ முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள நாணையோ கொஞ்சம் எடுத்து, எலும்பில் துளையிட்டு, புதுக் கயிறாகப் பொருத்துகிறார்கள். பொருத்தின அன்று அது பலமாக இருக்கும். பிறகு உடம்பு அதைத் தனதாக்கிக்கொள்ளும்போது பல வாரங்களுக்கு பலம் குறைந்து, மறுபடி மெதுவாகத்தான் ஏறும். வலி போவதற்கும் இந்தப் பலம் வருவதற்கும் சம்பந்தமே இல்லை. நான்காம் மாதம் வலி இல்லாமல் ஓடுகிற பிள்ளைகள்தான் மறுபடி கிழித்துக்கொண்டு வருகிறார்கள்.

பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது. முதல் இரண்டு வாரத்தில் கால் முழுசாக நீண்டு, வீக்கம் வடிய வேண்டும். ஆறு வாரத்துக்குள் ஊன்றுகோல் இல்லாத நடையும் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளும். மூன்று நான்கு மாதத்தில் நேர்க்கோட்டு ஓட்டம். உங்கள் மகள் இப்போது நிற்கும் படி இது. ஆறு மாதத்தில் குதிப்பது, திரும்புவது. ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டம் கிடையாது. நார்வே நாட்டு ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குள் திரும்பி ஆடப் போகிறவர்களில் நாலில் ஒருவருக்கு அதே காலிலோ மறுகாலிலோ திரும்பவும் கிழிகிறது. கியூன்ட்சரின் நான்கையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே மருத்துவ வசதிக்குக் குறைவில்லை, அப்படியும் ஒருமுறை கிழிந்தவருக்கு ஆபத்து கூடுதல்தான்.

மாதம் மட்டும் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும். டெய்லர் டேப் போதும். முட்டிச்சில்லுக்கு 10 செ.மீ. மேலே இரண்டு தொடையின் சுற்றளவையும் எடுங்கள். ஆபரேஷன் ஆன தொடை சூம்பியிருந்தால் பயிற்சி போதவில்லை. ஒன்பதாம் மாதம் பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஒற்றைக்கால் தாண்டல்: ஒரே காலில் தாண்டி அதே காலில் ஆடாமல் நிற்க வேண்டும், மூன்று முறை தாண்டி சராசரி எடுக்க வேண்டும். நல்ல கால் 120 செ.மீ. தாண்டினால் மற்றது 108 செ.மீ.யாவது தாண்ட வேண்டும். 90 சதவீதம் என்பது அந்தக் கணக்குதான். தொடை பலத்துக்கும் இதே 90.

பிசியோதெரபிக்குப் பணம் அதிகம் கேட்கிறார்கள் என்றால் மதுரை பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், அந்தப் பிரிவு இருக்கிறது. சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சம்மணம் போடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது இரண்டையும் எப்போது தொடங்கலாம் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மெனிஸ்கஸையும் தைத்திருந்தால் தடை இன்னும் நீளும்.

மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆட்டத்தில் முட்டிக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முட்டி பந்தாக வீங்கினால், எண்ணெய் போட்டு உருவுவது, இழுத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். துணி சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், சுற்றிலும் கிரேப் பேண்டேஜ், காலுக்கடியில் தலையணை, அடுத்து எலும்பு டாக்டர். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்து நடக்க முடியும், அதை நம்பி மறுபடி ஆட விட்டால் மிச்சமிருக்கும் மெனிஸ்கஸும் நசுங்கும்.

முட்டி கிழியாமல் காக்க ஏதாவது வழி இருக்கிறதா? எங்கள் பள்ளியில் காலை 45 நிமிடம்தான் மைதானம் கிடைக்கும்.
– உடற்கல்வி ஆசிரியை, மேலூர்

இருக்கிறது டீச்சர். ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்ற வார்ம்-அப். 20 நிமிடம், 15 பயிற்சி, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள். பெண் பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். கிழிவது ஆண் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நார்வேயில்தான் முதலில் பெரிய அளவில் சோதித்தார்கள். பலத்த காயங்கள் பாதியளவுக்குக் குறைந்தன.

முதல் 8 நிமிடம் ஆறு வகை மெது ஓட்டம். ஐந்தாறு மீட்டர் இடைவெளியில் ஆறு ஜோடி கோன் வையுங்கள். கோன் இல்லையென்றால் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் போதும். நேராக ஓடுவது, இடுப்பை வெளியே திருப்பி, உள்ளே திருப்பி, துணையைச் சுற்றி, தோளோடு தோள் மோதி, முன்னும் பின்னும். அடுத்த 10 நிமிடம்தான் உயிர்நாடி: முழங்கை ஊன்றிய பிளாங்க், பக்கவாட்டுப் பிளாங்க், தொடைப் பின்பக்கத்துக்கான நார்டிக், ஒற்றைக்கால் நிலை, ஸ்குவாட், குதித்தல். கடைசி 2 நிமிடம் முக்கால் வேக ஓட்டம், தாவல் ஓட்டம், ஊன்றித் திரும்பும் ஓட்டம்.

நார்டிக்கில் ஒருவர் மண்டியிட, துணை அவர் கணுக்கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டும். மண்டியிட்டவர் முதுகு வளையாமல் முன்னால் மெதுவாகச் சாய வேண்டும். தொடங்குகிறவர்களுக்கு 3 முதல் 5 முறை, பழகியதும் 7 முதல் 10. முதல் நாளே 15 போடச் சொன்னால் மறுநாள் பிள்ளைகள் படியிறங்க முடியாமல் நிற்பார்கள், அதற்கடுத்த வாரம் உங்களைக் கண்டாலே ஓடுவார்கள். மண்டியிடும் இடத்தில் மடித்த சாக்கு போடுங்கள், நம் ஊர்ச் சரளை முட்டியைப் பதம் பார்த்துவிடும்.

குதிக்கும்போது காதையும் கண்ணையும் சேர்த்து வையுங்கள். ‘தொப்’பென்று சத்தம் வந்தால் முட்டி மடங்காமல் விறைப்பாக இறங்கியிருக்கிறாள். எதிரே நின்று பார்த்தால் இடுப்பு, முட்டி, பாதம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், இரண்டு முட்டியும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்தால் திருத்துங்கள். இந்தத் திருத்தம் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் முடித்தால் பலன் பாதிகூட வராது. மைதானத்தை ஐந்து சுற்று ஓடவிட்டு, நின்று குனிந்து நிமிரும் வழக்கமான வார்ம்-அப் முட்டியைக் காப்பதில்லை.

பந்தைத் தலையால் முட்டினால் எனக்குத் தலை வலிக்கிறது. நான் ஸ்டாப்பர் பேக். பயமாகவும் இருக்கிறது.
– பிளஸ் ஒன் மாணவி, செக்கானூரணி

தங்கச்சி, முதலில் பந்தைச் சோதி. அளவு 5 பந்தின் எடை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. சைக்கிள் கடையில் அடிக்கும் காற்று பெரும்பாலும் அளவு மீறிவிடும், கல் மாதிரி ஆகிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். நூல் பிரிந்து தண்ணீர் குடித்த பழைய பந்தையும் தலைக்கு எடுக்காதே.

அடுத்து, உச்சந்தலையில் வாங்குகிறாயா என்று பார். கண்ணை மூடினால் பந்து அங்கேதான் விழும். முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நெற்றியின் தட்டையான பகுதியில் பட வேண்டும். கண் திறந்திருக்க, பல் கடித்து வாய் மூடியிருக்க, தாடையைக் கழுத்துப் பக்கம் இழுத்துக் கழுத்தை விறைப்பாக்கு. பந்து உன்னை அடிக்கக் கூடாது, நீதான் இடுப்பிலிருந்து வந்து பந்தை அடிக்க வேண்டும். முதல் வாரம் தோழியை மூன்று மீட்டரில் நிற்கவைத்துக் கையால் போடச் சொல், நீ மண்டியிட்டு முட்டு. அடுத்த வாரம் நின்று, அதற்கடுத்து குதித்து. வாரத்துக்கு 15, 20 முட்டுக்கு மேல் வேண்டாம். அமெரிக்காவில் 10 வயது வரை தலையால் முட்டவே விடுவதில்லை, 11 முதல் 13 வரை பயிற்சிக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். உன் தம்பி தங்கைகளுக்கு அதைச் சொல்.

சரியாக முட்டியும் வலி தொடர்ந்தாலோ, தலைசுற்றல், வாந்தி வந்தாலோ அன்றே ஆட்டத்தை நிறுத்தி டாக்டரைப் பார்.

ஐரோப்பியக் கோப்பை ஜெயித்த ஜெர்மன் பெண்களுக்கு டீ செட் பரிசு கொடுத்தார்களாமே, நிஜமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வாடிப்பட்டி

நிஜம்தான் ஐயா, ஆனால் டீ அல்ல, காபி. 1989-ல் நார்வேயை 4–1 என்று வென்றதற்கு ஜெர்மன் கால்பந்துச் சங்கம் ஆளுக்கொரு காபி கோப்பை செட் தந்தது. அதே சங்கம்தான் 1955-லிருந்து 1970 வரை பெண்கள் ஆடவே கூடாது என்று தடை போட்டிருந்தது. தடையை நீக்கிய புதிதிலும் பாதிக்கு 30 நிமிடம்தான், சின்னப் பந்துதான். கியூன்ட்சருக்கு அந்தக் காபி செட் காலத்தில் 9 வயது.

நியா என்பது ஜெர்மன் பெயரா? இப்போது என்ன செய்கிறார்?
– வாசகி, திருமங்கலம்

முழுப்பெயர் நியா ஷோலோஃபெலோ கியூன்ட்சர். 1980 ஜனவரி 18 அன்று ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில், மொசூடி என்ற ஊரில் பிறந்தார், பெற்றோர் அங்கே வளர்ச்சிப் பணியில் இருந்தார்கள். நடுப்பெயர் அந்த ஊர் மொழியான ட்ஸ்வானா, ‘நம்பிக்கை’ என்று பொருள். ஆட்டத்தோடு படிப்பையும் விடவில்லை, கல்வியியல் படித்தார். கீசன் வட்டார அரசு நிர்வாகத்தில் அகதிகள் தொடர்பான பிரிவில் பொறுப்பு வகித்தார், தொலைக்காட்சியில் ஆட்ட விமர்சகராகவும் வந்தார். 2024 ஜனவரியில் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் மகளிர் பிரிவு விளையாட்டு இயக்குநரானார். அந்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர்கள் அணி ஸ்பெயினை 1–0 என்று வென்று வெண்கலம் வாங்கியது.

நம்ம பக்கத்தில் பெண்களுக்கு அணி என்று எதுவும் உண்டா?
– வாசகர், சோழவந்தான்

மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி.யை மறந்துவிட்டீர்களே! 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் சாம்பியன். பிள்ளையை ஆடவிட நினைத்தால் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலரைக் கேளுங்கள். விளையாட்டு விடுதிச் சேர்க்கை பற்றியும் அங்கேயே சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒரே தேதியில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். வயதுவாரிப் போட்டிகளில் பிள்ளைகள் திரும்பி வருவது பெரும்பாலும் அந்தத் தேதிக் குளறுபடியால்தான்.

எங்கள் மைதானம் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் சேறு. எந்த ஷூ வாங்குவது?
– இளைஞர் அணிப் பொறுப்பாளர், கள்ளிக்குடி

கோடைக்கு அடியில் குட்டிக் குட்டி ரப்பர் குமிழ் நிறைய உள்ள ‘டர்ஃப்’ ஷூ. நீளக் குமிழ் ஷூ காய்ந்த கரிசலில் இறங்காது, வெடிப்பில் மட்டும் மாட்டும். மாட்டிய பாதம் நிற்க, உடம்பு திரும்ப, முட்டிக்கு என்ன ஆகும் என்று மேலே உசிலம்பட்டி அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறோம். வட்டமான குமிழ் உள்ள ஷூவை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பட்டையான குமிழ் வேண்டாம், அது சேற்றில் பாதத்தைத் திருப்ப விடாது. அளவு பார்க்கும்போது ஆட்டத்துக்குப் போடும் சாக்ஸோடு, சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள், பகலெல்லாம் நடந்த கால் சற்று உப்பியிருக்கும். அண்ணன் ஷூவில் துணி அடைத்துத் தங்கைக்குக் கொடுக்கும் வழக்கம் வேண்டாம்.

வெடிப்புகளை ஷூவால் மட்டும் சமாளிக்க முடியாது. கண்மாய் வண்டலும் மணலும் கலந்து வெடிப்பில் கொட்டி, சாயங்காலம் தண்ணீர் விட்டு, மறுநாள் காலை ஈரம் சுண்டியதும் உருளை ஓட்டுங்கள். முதலில் இரண்டு கோல் முன்பகுதியையும் செய்யுங்கள். ஆட்கள் அதிகம் குதிப்பதும் திரும்புவதும் அங்கேதான்.